மெர்சி அக்காவின் வடிதட்டுக் கிட்டார்

போன மாதம் எங்கள் தெருவில் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினார்கள். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கழற்றிப் போட்ட விளக்குக் குடை ஒன்று நடைபாதையில் கவிழ்ந்து கிடந்தது. அலுமினியக் குடை. ஓரமெல்லாம் கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, நடுவிரலை மடக்கி அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். கூட வந்த மகளுக்கு மானம் போய்விட்டது. "மம்மி, ப்ளீஸ்! சப் தேக் ரஹே ஹைன்!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் பார்க்கிறார்களாம். பார்த்தால் பார்க்கட்டுமே. அந்தத் தட்டுக்குத்தான் ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். தெருவிளக்குக் குடைகள்தான் அங்கே சரக்கு. வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை லேத்தில் சுற்றவிட்டு, ஒரு நீளமான கம்பால் அமுக்கி அமுக்கி மர அச்சின் மேல் படிய வைத்தால் அது கூம்பாகிவிடும். அப்படி வருகிற ஒவ்வொரு குடையையும் தட்டிப் பார்ப்பது என் வேலை. 'தொப்' என்றால் பாஸ். 'கணீர்' என்றால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. கணீரென்று பாடுகிற குடை கம்பத்தில் ஏறினால் காற்றுக்கு ஆடிக் கடகடக்கும், பல்பு லூஸாகும், ஆர்டர் திரும்பி வரும். இந்தப் பழக்கம் முற்றிப்போய்ப் பார்க்கிற பாத்திரத்தையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினேன் என்று என் அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எனக்கு ஞாபகமில்லை.

விருதுநகரிலிருந்து வேலைக்காக வந்து, இந்தியும் தெரியாமல் தெலுங்கும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே கிடைத்த ஒரே தமிழ்க் குரல் மெர்சி அக்கா. டிராயிங் செக்‌ஷனில் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். அவர் பேசிய தமிழில் பாதி எனக்குப் புரியாது. முதல் நாளே என்னைப் பார்த்து, "கைக்கு இப்படி மூஞ்சிய வச்சுட்டு உக்காந்திருக்க? சாப்டியா இல்லியா?" என்று கேட்டார். நான் 'கைக்கு' என்பதற்கு என் கையைப் பார்த்தேன். ஏன் என்று அர்த்தமாம். அந்த வாரமே லாலாகுடாவில் அவர்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிபோய்விட்டேன்.

கீழ் வீட்டில் அக்காவும் அவர் கணவர் டேனியல் அண்ணனும் மட்டும்தான். அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். காலையில் சைக்கிளில் போய்ச் சாயந்திரம் சைக்கிளில் வருவார். அவருக்கு உலகத்தில் இரண்டு விஷயம் பிடிக்கும். ஒன்று மெர்சி அக்கா வைக்கும் மீன் குழம்பு. இன்னொன்று கிட்டார். அதுவும் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிற கிட்டார் இல்லை. மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஒரு வழவழப்பான இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே போவார். மனுஷன் விசும்பாமல் அழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சர்ச் கொயரில் பல வருஷமாக அவர்தான் வாசித்து வந்தார்.

நான் குடிபோன சமயத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். காது போய்க்கொண்டிருந்தது. அவர்கள் குடும்பத்து ஆண்களுக்கு நாற்பது தாண்டினால் இது வருமாம். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் இடி இடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாராம். ஆக, தனக்கு என்ன வரப்போகிறது என்று அண்ணனுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொயர் ஒரு சுருதியில் பாட, அவர் வேறொரு சுருதியில் முழுப் பாட்டையும் வாசித்து முடித்திருக்கிறார். அடுத்த வாரம் ரொம்ப மரியாதையாக அவர் கையில் காணிக்கைப் பையைக் கொடுத்து, வரிசை வரிசையாகப் போய்வரும் வேலையைத் தந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து கிட்டாரைப் பீரோவுக்கு மேலே ஏற்றி வைத்தார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை என்று அக்கா சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார்.

காதுக்கு மிஷின் வாங்கினார்கள். அதை மாட்டினால் அவருக்குக் கிட்டாரைவிடக் கரண்டிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பாட்டு தகர டப்பாவுக்குள் போய்விட்டு வருகிற மாதிரி இருக்கிறதாம். மைக், ஆம்ப்ளிஃபையர் என்று மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "மைக்குல போட்டா சத்தம் அந்த மூலையில இருக்குற பொட்டில இருந்துல்ல வருது. என் மடியில இருந்து வர வேணாமா?"

மெர்சி அக்கா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். ஆனால் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். நெட் சென்டருக்குப் போய் உட்கார்ந்து எதையெதையோ தேடி, ஒரு நாள் மங்கலாக பிரிண்ட் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். கிட்டார்தான், ஆனால் வயிற்றில் தட்டு மாதிரி ஏதோ பதித்திருந்தது. ரெசனேட்டர் கிட்டார் என்று பெயராம். சாதாரண கிட்டாரில் கம்பியின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்குவது மரப் பலகை. இதில் அந்த வேலையை உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியக் கூம்பு செய்கிறது. கூம்பின் உச்சியில் ஒரு மர வில்லை, அதன்மேல் கம்பிகள். கரண்டு வேண்டாம், பொட்டி வேண்டாம். சத்தம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு.

"அலுமினியக் கூம்பு, ஹவ்?" என்றார் அக்கா. ஹவ் என்றால் ஆமாம். ஆமாமா என்று கேட்பதற்கும் அதே ஹவ்தான். "நாம காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் என்னத்தடி செய்றோம் இங்க?"

அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் எங்கள் ஃபேக்டரி செய்த எந்தக் குடையிலும் வந்ததில்லை. இப்படி ஒரு மனைவி வாய்க்க டேனியல் அண்ணன் என்ன செய்தாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கையை ஆட்டி, "நக்கோ மெர்சி, வேணாம். விடு. போனது போகட்டும்" என்றார். அக்கா விடவில்லை. சாப்பாட்டு மேஜை பட்டறையானது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். உடம்புக்கு பிளைவுட். வளைப்பதெல்லாம் நமக்கு ஆகாது என்று முனையெல்லாம் சதுரமாகவே விட்டுவிட்டார். கழுத்துக்கு ஒரு பழைய தேக்குக் கட்டிலின் சட்டம். மடியில் வைத்து வாசிக்கிற கிட்டாருக்கு கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டைகள் தேவையில்லை, எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று கோடு இருந்தால் போதும். அந்தக் கோடுகளை அக்கா டிராயிங் மை கொண்டு போட்டார். அப்படி ஒரு கோட்டை நான் அதற்கப்புறம் எங்கும் பார்க்கவில்லை. ஆபீஸில் விளக்குக் கம்பத்துக்குக் கோடு போட்டுச் சலித்த கை, வீட்டில் தன் புருஷனுக்காகப் போடும்போது எப்படி மாறியிருந்தது!

கூம்பை மூடுவதற்கு ஓட்டை போட்ட மூடி ஒன்று வேண்டியிருந்தது. அக்கா சமையலறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, சோறு வடிக்கிற வடிதட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அளவு எடுத்தால் கச்சிதம். நடுவில் மட்டும் கம்பிக்கு வழி வெட்டினால் போதும். அன்று மதியம் அண்ணன் சமையலறையிலிருந்து, "மெர்சி, வடிதட்ட எங்க வச்ச?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மேஜையைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சோற்றைத் துணியைக் கட்டி வடித்தார்.

கூம்பு மட்டும் ஃபேக்டரியில். முதலாளி நல்ல மனுஷன், மதிய இடைவேளையில் கழிவுத் தகட்டில் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். லேத்தில் இருந்த யாதகிரிக்கு அக்கா வரைபடம் கொடுத்தார். யாதகிரி பாட்டுக் கேட்டால் லேத்தை நிறுத்திவிட்டுத் தலையாட்டுகிறவர், உற்சாகமாகச் செய்தார். விளிம்பைச் சுருட்டி மடித்தார். வளையாமல் இருக்கச் சுற்றிலும் மூன்று மேட்டு வரிகள் கொடுத்தார். பிறகு பாலிஷ், அதற்குமேல் அனோடைசிங் என்று ஒரு கெட்டிப் பூச்சு. நான் தட்டிப் பார்த்தேன். 'தொப்'. முதல் தரம். கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டேன். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அவ்வளவு அழகாக இருந்தது.

மாட்டினோம். கம்பி ஏற்றினோம். அண்ணன் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து மடியில் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். பீரோ மேல் இருந்த பழைய கிட்டார் இதைவிடச் சத்தமாக இருந்திருக்கும். அவர் தலையைச் சாய்த்துக் காதை அந்த வடிதட்டின் மேலேயே வைத்தார். அப்படியே இன்னொரு இழுப்பு. பிறகு நிமிர்ந்து, "அழகா பண்ணிருக்க மெர்சி" என்றார். கேட்கிறது என்று சொல்லவில்லை. எழுந்து போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த சைக்கிளையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே அழுதார். எனக்கும் அழுகை வந்தது. என்ன பிசகு என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மறுநாள் நான் வழக்கம்போல் தட்டிக்கொண்டிருந்தேன். தொப், தொப், தொப். நடுவில் ஒன்று கணீர் என்றது. கை தன்பாட்டுக்குச் சிவப்புச் சாக்பீஸை எடுத்தது. பெருக்கல் குறியின் ஒரு கோடு போட்டாயிற்று, இன்னொரு கோடு போடவில்லை. அந்தக் குடை இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு டிராயிங் செக்‌ஷனுக்கு ஓடினேன். அக்கா மேஜைமேல் வைத்து ஒரு தட்டு. அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அய்யோ ஆண்டவரே," என்று தலையில் கை வைத்தார். "நாம விளக்குக் குடைல்லடி செஞ்சிருக்கோம்! பல்பு மாட்டுனா ஜோரா எரியும்!"

யோசித்துப் பாருங்கள். எங்கள் பிழைப்பே தகட்டைப் பாடவிடாமல் செய்வது. விளிம்பை மடிப்பது, வரி போடுவது, தடிமன் கூட்டுவது எல்லாம் அதன் வாயை அடைப்பதற்கு. பாட வேண்டிய கூம்பையும் அதே கையோடு, அதே சிரத்தையோடு வாயடைத்து, அதற்கு நான் முதல் தரம் என்று பாஸ் வேறு போட்டிருக்கிறேன். இன்னொரு ஊரில் இன்னொருவர் இந்தக் கிட்டாரைச் செய்திருந்தால் வேறு ஏதாவது தப்பு செய்திருப்பார். இந்தத் தப்பை எங்களால்தான் செய்ய முடியும்.

இரண்டாவது கூம்புக்குக் காகிதம்போல் மெல்லிய தகடு எடுத்தார்கள். யாதகிரிக்குப் பிடிக்கவேயில்லை. "ரேக்கு சிரிகிபோதுந்தி மேடம்," தகடு கிழிந்துவிடும் என்றார். கிழியத்தான் செய்தது. கூம்பு பாதி வரும்போது சர்ரென்று பிளந்துகொண்டது. அடுத்ததும் அப்படியே. அப்புறம் அவரே குளியல் சோப்பைத் தகட்டில் தேய்த்து, ப்ளோ லாம்ப்பால் சூடு காட்டி, சோப்பு கறுக்கும்வரை பொறுத்து எடுத்தார். அந்தச் சூட்டில் தகடு துணிபோலக் குழைந்துவிடும். சோப்பு கருகுகிற வாசனை ஷெட் முழுக்கச் சுற்றியது. யாரோ குளித்துக்கொண்டே தீப்பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு வாசனை. இன்றைக்கும் எங்காவது சோப்பு வாசனை கொஞ்சம் காட்டமாக வந்தால் என் மனசு குழைகிறது.

விளிம்பு மடிக்காமல், பாலிஷ் இல்லாமல், சோப்புக் கறையோடு ஒரு கூம்பு கிழியாமல் வந்தது. அதை நான் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி மெல்லச் சுண்டினேன். என் வேலைக் கணக்கில் அதைவிட மோசமான சரக்கு கிடையாது. அவ்வளவு நேரம் பாடியது. "ரிஜெக்ட்!" என்று கத்தினேன். யாதகிரி கை தட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் மாட்டினோம். அண்ணன் இந்தத் தடவை முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்தார். எதிர்பார்க்கக் கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது நன்றாகத் தெரிந்தது. இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து ஒரு இழுப்பு. கொல்லையில் கொய்யா மரத்திலிருந்த புறாக்கள் எழும்பிவிட்டன. அடுத்த வீட்டு அம்மா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லித் தெலுங்கில் குரல் கொடுத்தார். அண்ணன் கையை எடுத்துவிட்டு, திரும்ப வைத்து, திரும்ப இழுத்தார். அவர் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

"வருது மெர்சி," என்றார். "மடிலருந்து வருது."

நீங்களாயிருந்தால் அத்துடன் நம்பியிருப்பீர்கள். என் புத்தி இன்ஸ்பெக்‌ஷன் புத்தி. மனைவி மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் கிட்டாரின் ஒரு முறுக்காணியைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி போய் மீன் குழம்பு சாப்பிட்டேன். அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது இழுப்பிலேயே நிறுத்திவிட்டார். தலையைச் சாய்த்தார். சரியாக அந்த ஆணியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே, "யாரு இதைத் தொட்டது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அண்ணன் கொயருக்குத் திரும்பிப் போனார். ஆனால் இப்போது கிட்டார் சத்தத்தில் கொயர் கேட்கவில்லை என்று புகார். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவு ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அவர் சந்தோஷமாக உட்கார்ந்தார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

எனக்குக் கல்யாணமாகி மியாப்பூர்ப் பக்கம் வந்துவிட்டேன். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் போக்குவரத்து குறைந்தது. குழந்தை, வேலை, அது இது. எல்.இ.டி. வந்து ஃபேக்டரி மூடியாயிற்று, இப்போது அங்கே கூரியர் கிடங்கு. யாதகிரி சித்திப்பேட்டைப் பக்கம் மகனோடு இருக்கிறார். கொய்யா மரம் இருந்த இடத்தில் அபார்ட்மென்ட்டின் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. டேனியல் அண்ணன் போன வருஷம் காலமானார். நான் வெளிநாட்டில் தம்பி வீட்டில் இருந்தேன், போக முடியவில்லை.

தெருவில் குடையைத் தட்டிய மறுநாளே கிளம்பிப் போனேன். மெர்சி அக்கா அதே இடத்து அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். முடி முழுக்க வெளுத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. "கைக்குடி இவ்ளோ நாளு?" என்று திட்டிவிட்டு டீ போட்டார். கிட்டார் கட்டில்மேல் ஒரு போர்வையில் சுற்றிக் கிடந்தது.

அண்ணனுக்குச் சில வருஷம் நன்றாகக் கேட்டதாம். அப்புறம் அதுவும் போயிற்று. ஒரு நாள் சாயந்திரம் அவரே கிட்டாரைத் தூக்கி அக்கா மடியில் வைத்து, "இனிமே நீ வாசி. நான் கைய வச்சுப் பாக்குறேன்" என்றாராம். அக்காவுக்கு ஒரு ஸ்வரம்கூடத் தெரியாது. தான் போட்ட கோடுகளையே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். தினமும் அக்கா வாசிக்க, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைக் கிட்டாரின்மேல் விரித்து வைத்துக்கொள்வாராம். தப்பு வந்தால் விரலால் ஒரு தட்டு. கையை எடுக்காமல் பாட்டு முடியும்வரை இருப்பாராம். கடைசி வாரம்வரை அது நடந்திருக்கிறது.

டீத் தம்ளரைக் கீழே வைத்தேன். "இப்ப வாசிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எடுத்துப் பாத்தேன்," என்றார். போர்வையின் ஒரு நுனியை இழுத்து ஒழுங்காகச் செருகினார். "அவர் கை வச்சிருந்தா சத்தம் கொஞ்சம் அமுங்கி வரும். அப்டித்தான் இத்தன வருஷம் கேட்டுப் பழகிருக்கேன். இப்ப ரொம்பச் சத்தமா இருக்குடி."